கறிவேப்பிலையின் மறுபெயர்



எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. தாவரவியல் படிக்கும் என் மருமகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அதன் இலத்தீன் பெயரைச் சொன்னாள்: முர்ராயா கோனிகீ.

"ஆருடைய பெயர் பிள்ளை இது?" என்று கேட்டேன்.

"இரண்டு ஐரோப்பியருடைய பெயர், மாமா" என்றாள்.

அன்றிரவு சொதியில் மிதந்த இலையைப் பார்த்ததும் முதலிற் சிரிப்பு வந்தது. பிறகு யோசனை வந்தது.

கோனிக், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768இல் டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். அவரைக் கௌரவித்து லின்னேயஸ் 1771இல் கறிவேப்பிலைக்கு 'பெர்கேரா கோனிகீ' என்று பெயரிட்டார். 1825இல் ஸ்பிரெங்கல் என்ற ஜேர்மானியர் அதனை முர்ராயா என்னும் பேரினத்திற் சேர்த்தார். முர்ரே என்பவர் கோட்டிங்கன் நகரிற் பேராசிரியராக இருந்தவர். இப்போது ஆய்வாளர் சிலர் பழைய பெர்கேராவுக்கே திரும்பிவிட்டார்கள். எது மாறினாலும் கோனிக் மட்டும் இலையோடு ஒட்டிக்கொண்டே வருகிறார்!

தலைமுறை தலைமுறையாக நாம் தாளித்த இலை, அறிவியலின் கணக்கில் 1771இல்தான் பிறந்தது. 'புதிதாகக் கண்டறியப்பட்ட இனம்' என்ற சொல்லின் பொருள் இதுதான். அறிவியல் முறைப்படி விவரித்து வெளியிடும்வரை ஒரு செடி புதியதே.

நமது நாட்டின் கதையும் இத்தகையதே. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கு பணியாற்றிய போல் ஹேர்மன், செடிகளைப் பறித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டினார். ஊரவர் வழங்கிய பெயர்களையும் கேட்டு எழுதினார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின் அத்தொகுதி லின்னேயஸின் கைக்குக் கிடைத்தது. இலங்கை மண்ணை ஒருபோதும் மிதித்திராத லின்னேயஸ், அதை வைத்து 1747இல் 'புளோரா செய்லானிக்கா' என்ற நூலை எழுதினார். ஹேர்மனின் தாள்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் இருக்கின்றன.

சில இடங்களில் ஊர்ப் பெயர் தப்பிப் பிழைத்தது. இருமலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் ஆடாதோடை, 1753இல் 'ஜஸ்டிசியா அதாதோடா' ஆயிற்று. முற்பாதி, ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்கொட்லாந்துத் தோட்டக்கலைஞர். பிற்பாதி நம்முடையது.

ஆனால் ஹேர்மனுக்குச் செடியைக் காட்டி, "இதன் பெயர் இது" என்று சொன்னவர்கள் யார்? காரியம் முடிந்ததும் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். விதிவிலக்கும் உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', கேரளத்து வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரையை அவர் பெயருடனேயே அச்சிட்டது. பேராதனைப் பூங்காவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செடிகளை வரைந்த ஹார்மானிஸ் டி அல்விஸின் பெயரும் நிலைத்திருக்கிறது.

இதனால் ஐரோப்பியர் செய்ததெல்லாம் களவு என்று முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். முதலில் வருவது காந்தள். அது நம் வேலிகளிற் பூக்கும் கார்த்திகைப்பூ என்று அறிவோம். அடுத்துச் சில சொற்களுக்குள் அனிச்சம் வருகிறது. மோந்தால் வாடும் அந்தப் பூவை வள்ளுவரும் பாடினார். எந்தச் செடி அது? உறுதியாகக் கையை நீட்டிக் காட்டுவார் இன்று இல்லை. பெயர் நிலைத்தது, பூ தொலைந்தது. கபிலருக்குப் பின் வந்த எவராவது ஒருவர் ஒரு பூவை உலர்த்தித் தாளில் ஒட்டி, பக்கத்திற் பெயரை எழுதி வைத்திருந்தால்?

அந்தப் பழக்கத்தைத்தான் ஹேர்மனிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர்களிற் செடிகளின் பெயர் அறிந்த வயோதிபர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒருநாள் வேலியோரமாக நடந்து பாருங்கள். கையில் ஒரு கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். செடியின் பெயரை எழுதும்போது, சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுதிவிடுங்கள்.