வழமையைச் சொன்னவர் யார்?



காணித் தகராறு ஒன்று மூண்டால் நம்மவர் வாயில் முதலில் எழுவன இரண்டு: "இது தொன்றுதொட்ட வழமை", "இது புத்தகத்தில் உள்ளது." கேட்ட அளவில் நாம் வாயடங்கி விடுகின்றோம். ஆனால் நீதிமன்றத்திலே சாட்சி சொல்ல வந்த ஏழைக் கமக்காரனை எப்படி வினவுகின்றோம்? "நீ கண்டாயா, பிறர் சொல்லக் கேட்டாயா? இவ்வழக்கால் உனக்கு ஆதாயம் உண்டா?" அவனைக் கேட்கும் கேள்விகளை அச்சேறிய ஏட்டையும் கேட்பதே நியாயம்.

நமது தேசவழமையையே எடுத்துக்கொள்வோம். 1706ஆம் ஆண்டில், ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். ஒல்லாந்த மொழியில் எழுதியது தமிழாக்கப்பட்டு 12 முதலியார்களிடம் காட்டப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

இனி விசாரணைக்கு வருவோம். எழுதியவர் அந்நிய அதிகாரி. ஒப்புக்கொண்டோர் பதவியும் செல்வாக்கும் படைத்த ஆடவர் பன்னிருவர். சீதனத்தைப் பற்றி அதில் விரிவாக உண்டு; சரிபார்த்தவர்களுள் பெண் ஒருத்தியும் இல்லை. அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு உண்டு. சரிபார்த்தவர்களுள் அடிமை ஒருவனும் இல்லை. 1844இல் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. அந்த "வழமை" போனதனால் தமிழினம் அழிந்துவிட்டதா?

"வழமை என்றும் மாறாதது" என்பாருக்கு அந்நூலே எதிர்ச்சாட்சி. ஆதியில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், போர்த்துக்கேயர் ஆட்சிக்காலத்தில் அவ்வொழுங்கு மாறி, தாய் தந்தை இருவர் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கப்படலாயிற்றென்றும் அதுவே கூறுகின்றது.

மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதைப் பழைய தேசவழமை என்றே பலரும் சொல்லுவர். அவ்விதியை அவ்வாறு எழுதியது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அயற்காணிக்காரன் என்பதனாலேயே முதலில் வாங்கும் உரிமை தனக்கு உண்டென்று வேலியோரம் நின்று வாதாடுவோரும் உளர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைப் பங்குடைமைக்காரருக்கும், உரிமைவழி வாரிசாகக் கூடியோருக்குமே அளித்தது. இரண்டையும் படித்துப் பாராமலே எத்தனை குடும்பங்கள் பகைத்துப் பிரிந்தன!

தேசவழமையை எறிந்துவிடுங்கள் என்று யான் கூறவில்லை. அது நம் தனித்துவத்துக்கு ஓர் ஆவணம். ஆவணமென்றால் ஆராயப்பட வேண்டியது; பூசை செய்யப்பட வேண்டியதன்று. மற்றையோரின் வரலாற்று ஏடுகளுக்கு ஆதாரம் கேட்கும் நாம், நம்முடைய ஏட்டுக்கும் ஆதாரம் கேட்கத் துணியாவிடின் நம் கேள்விக்கு மதிப்பு ஏது?

இதற்கு முதற்படி "தெரியாது" என்று சொல்லும் துணிவு. எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் சாட்சியை நீதிபதி ஐயுறுகின்றார். "அது நான் அறியேன்" என்பவனையே நம்புகின்றார். சட்டம் படித்தோரும் ஊர்ப் பெரியோரும், கேட்டவுடன் தீர்ப்புரையாது, "பார்த்துச் சொல்லுகிறேன்" என்று கூறப் பழகவேண்டும். கமக்காரர்களே, உறுதியில் ஒப்பமிடுமுன் அதனை வாசிக்கச் செய்யுங்கள். "வழமை" என்று யாராவது சொன்னால், எந்த ஏட்டில், எந்த ஆண்டில், யார் சொன்னது என்று கேளுங்கள். அக்கேள்வி உங்கள் பிள்ளைகளின் காணியைக் காக்கும்.