உமிழ்தலும் காலுதலும்



ஒத்த கருத்துச் சொற்களைப் பட்டியலாக மனனஞ் செய்வது நம் பாடசாலைகளில் நெடுநாள் வழக்கம். சூடாமணி நிகண்டை ஒப்புவித்த திண்ணைப் பள்ளிக்கூட மரபின் தொடர்ச்சி அது. உமிழ்தல், துப்புதல், கக்குதல், காலுதல் என்னும் நான்கும் அத்தகைய பட்டியலொன்றில் அடுத்தடுத்து நிற்கக்கூடியவை. உள்ளிருப்பதை வெளியே விடுதல் என்பது இவற்றின் பொதுப்பொருள். பொருள் ஒன்றாயிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துவிடலாமா? இதுவே இன்று நாம் நோக்கவிருக்கும் வினா.

முதலில் வீட்டு வழக்கைப் பார்ப்போம். வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறோம். பேச்சிலே யாரும் அதை உமிழ்வதில்லை. பால் குடித்த குழந்தை ஏவறை விடும்போது சிறிது பால் வெளிவந்தால், 'பிள்ளை பால் கக்கிப்போட்டுது' என்கிறோம். நோயினால் உண்டது வெளிவந்தால் 'சத்தி எடுக்குது' என்கிறோம். இவ்வேறுபாடு சிறிதன்று. குழந்தையை வைத்தியரிடம் கொண்டு செல்லும் தாய் இவ்விரண்டில் எதைச் சொல்கிறாள் என்பதைப் பொறுத்தே வைத்தியர் அடுத்த கேள்வியைக் கேட்பார். எழுத்தறியாத ஆச்சியும் இவற்றை மாற்றிச் சொல்லமாட்டார்.

இன்னுமோர் உதாரணம். 'இரகசியத்தை வெளியிட்டான்' என்றால் அவனே விரும்பிச் சொன்னதாகவும் இருக்கலாம். 'இரகசியத்தைக் கக்கிவிட்டான்' என்றாலோ, அவனைச் சொல்லவைத்த நெருக்குதலும் கூடவே தெரிகிறது. செய்தி ஒன்று, ஆனால் அவனுக்கு நேர்ந்தது வேறு.

இச்சொற்களைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தவர் வடமொழி ஆசிரியர் தண்டி. தமிழிலே தண்டியலங்காரம் தோன்ற வழிகாட்டிய காவியாதர்சம் என்னும் நூலின் முதற் பகுதியில், உமிழ்தல், கக்குதல் முதலிய பொருள்தரும் சொற்களை அவர் ஆராய்கிறார். அவை நேர்ப்பொருளில் வந்தால் இழிவழக்கு. ஒப்புமையால் வேறொன்றின்மேல் ஏறி வந்தால் மிக அழகு என்பது அவர் முடிபு. தாமரை செந்நிற மகரந்தத்தைக் கக்குவது இன்பந் தரும். மணப்பெண் துப்புகிறாள் என்பது இன்பந் தராது என்று உதாரணமுங் காட்டுகிறார். நம் வழக்கும் இதற்குச் சான்று. விளக்கு ஒளி உமிழ்கிறது, நாகம் மணி உமிழ்கிறது என்கையில் யாருக்கும் அருவருப்புத் தோன்றுவதில்லை.

எஞ்சிய சொல் காலுதல். 'சால்' என்னும் அடியிலிருந்து 'சான்ற' வருவதுபோல, 'கால்' என்னும் அடியிலிருந்து 'கான்ற' வரும். பழைய செய்யுள்களில் வழங்கிய இச்சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. உறுப்பு, காற்று, நாலிலொரு பங்கு என ஒரே ஒலிக்குப் பல பொருள் நெருக்கியதும் அதற்குக் காரணமாகலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அது இறந்துவிடவில்லை. நம் நாட்டு உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் இன்றும் வாழ்கிறது. ஒளியையோ இலத்திரனையோ வெளிவிடுதல் அங்கே 'காலல்'. திரான்சிற்றரின் மூன்று பகுதிகளும் காலி, அடி, சேகரிப்பான் எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இந்தக் காலியை 'உமிழ்ப்பான்' என்கின்றன. எச்சிலின் நினைவு ஒட்டாத பழஞ்சொல் விஞ்ஞானத்துக்கு நன்கு பொருந்துகிறது. எனினும் 'காலி' என்றதும் வெறுமையையோ தென்னிலங்கை நகரத்தையோ நினைக்கும் மாணவன், பொருளறியாமலே அதனை ஒப்புவித்துப் பரீட்சை எழுதிவிடுகிறான். காலுவது காலி என்று ஒரு வரியில் விளக்கினால், அவனுக்குப் பௌதிகமும் தெளியும், பழந்தமிழும் திறக்கும். அந்த ஒரு வரியைச் சொல்லவேண்டியவர்கள் தமிழாசிரியர்களாகிய நாங்களே.

ஆகவே, ஒத்த சொற்கள் பொருளால் உறவினர்; ஆனால் ஒரே வீட்டில் குடியிருப்பவர் அல்லர். பிள்ளைகளுக்குச் சொற்பட்டியலைக் கொடுக்கும்போது ஒவ்வொரு சொல்லின் வீட்டையுங் காட்டிக்கொடுப்போம்.