சர்வகலாசாலை வேலையில் கை போனால் நஷ்டஈடு யார் தருவது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய சங்க வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நான் பேச வந்தது சர்வகலாசாலை ஊழியர்களைப் பற்றி. "மில்லிலும் வயலிலும் உழைக்கிற எங்களுக்கும் சர்வகலாசாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அங்கே இருப்பவர்கள் பாடம் சொல்லும் பேராசிரியர்கள் மட்டுமா? மின்கம்பத்தில் ஏறுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், மாடிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறவர், விடுதிச் சமையலில் கொதிக்கும் அண்டாவை இறக்குகிறவர், ஆராய்ச்சிக்கூடத்தில் திராவகக் குப்பி கழுவுகிறவர் எல்லோரும் அங்கே உழைக்கிறார்கள். இவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். மில் கதவு சாத்தியதும், வயலில் வேலை குறைந்ததும், காண்டிராக்டரிடம் பேர் கொடுத்து அங்கே போனவர்கள்.

இவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் நிர்வாகம் இரண்டு பதில் வைத்திருக்கிறது. "இது கல்வி ஸ்தாபனம், தொழிற்சாலை அல்ல" என்பது ஒன்று. "அவர் எங்கள் ஆள் அல்ல, காண்டிராக்டரின் ஆள்" என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்ப வேண்டியதில்லை.

"இது தொழிற்சாலை அல்ல"

இது பழைய பல்லவி. டெல்லி சர்வகலாசாலை மாணவிகளுக்காக பஸ் ஓட்டியது. நஷ்டம் என்று சொல்லி டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்டார்கள். கல்வி ஒரு தொழில் அல்ல என்று 1963இல் சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது. பதினைந்து வருஷம் இதைச் சொல்லியே சிப்பந்திகளின் வாயை அடைத்தார்கள். 1978 பிப்ரவரி 21 அன்று பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. சர்வகலாசாலையும் தொழில்தான் என்றது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்.

இந்த வழக்குகள் தொழில் தகராறு சட்டத்தைப் பற்றியவை. விபத்து நஷ்டஈட்டுக்குச் சட்டமே வேறு. 1923இல் இயற்றி, 1924 ஜூலை 1 முதல் அமலான சட்டம் அது. உன் கை என்ன வேலை செய்தது என்பதே அதன் முதல் கேள்வி. மாடிக் கட்டிடம் கட்டுவது, பழுது பார்ப்பது, மின்கம்பி இழுப்பது, மோட்டார் வண்டி ஓட்டுவது எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. டிராக்டர் வைத்துச் செய்யும் விவசாய வேலையும் இருந்தது. குமாஸ்தா வேலைக்கு இருந்த விலக்கை 2009 திருத்தம் எடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் ஏழாவது அத்தியாயம் இந்த நஷ்டஈட்டைப் பற்றியது. அதிலும் வேலைப் பட்டியல் உண்டு.

"அவர் காண்டிராக்டரின் ஆள்"

தன் ஸ்தாபனத்தில் வழக்கமாக நடக்கும் வேலையைக் காண்டிராக்டில் விட்டால், தன் இடத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு மூல முதலாளியே நஷ்டஈடு தரவேண்டும். பிறகு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பழைய சட்டமும் இதைச் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. ஆகவே "வழக்கமான வேலையா?" என்ற இடத்தில்தான் நிர்வாகத்தின் வக்கீல் மல்லுக்கு நிற்பார். வருஷம் முழுதும் நடக்கும் வேலை என்பதற்கு நம் கையில் அத்தாட்சி இருக்கவேண்டும்.

எவ்வளவு?

கணக்கு இதுதான். உயிர் போனால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். முழு நிரந்தர ஊனம் என்றால் நூற்றுக்கு 60 பங்கைப் பெருக்கவேண்டும். 1923ஆம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையில் 40 வயதுக்கு எண் 184.17. சம்பளம் 12,000 ரூபாய் என்றால் பாதி 6,000. பெருக்கினால் 11,05,020 ரூபாய். காரியச் செலவுக்கென்று ஒரு கவரில் இருபதாயிரம் வைத்துக் கொடுத்து, "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று விதவையிடம் கைநாட்டு வாங்கினால், எவ்வளவு பெரிய மோசடி என்று பாருங்கள்! உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

ஒரு மாதத்துக்குமேல் தாமதித்தால் நூற்றுக்கு 12 வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் அந்தத் தொகையில் பாதி வரை கூடுதலாகவும் கட்டச் சொல்லலாம்.

"அவன் அஜாக்கிரதையாக இருந்தான்" என்பார்கள். சாதாரண அஜாக்கிரதை நஷ்டஈட்டைத் தடுக்காது. குடித்திருந்தான், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினான் என்ற சாக்குகள்கூட, உயிர் போனாலும் முழு நிரந்தர ஊனம் ஆனாலும் எடுபடாது.

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு வழி வேறு. 1955இல் கோவையில் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து மில் தோழர்களுக்கு இது பழக்கம். வேலையில் காயம்பட்டுப் படுத்திருக்கும் காலத்துக்கு அங்கே சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். மற்றச் சட்டத்தில் ஏறக்குறைய அரைச் சம்பளம்தான். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

செய்ய வேண்டியது

விபத்து நடந்தவுடன் நிர்வாகத்துக்கும் காண்டிராக்டருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையின்போது அடிபட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதவைக்க மேஸ்திரி ஓடிவருவார், விடாதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுச் செய்ய இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் சாட்சி அதுவரை காத்திருக்காது.

தோழர்களே! உங்கள் வீட்டிலிருந்து சர்வகலாசாலை வேலைக்குப் போகிறவரிடம் இன்று இரவே மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளச் சீட்டு உண்டா? வருகைப் பதிவேட்டில் பேர் உண்டா? இ.எஸ்.ஐ. எண் உண்டா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். கை போன பிறகு பதிவேட்டில் பேரைத் தேடி அலைவதைவிட, கை இருக்கும்போதே பேரைப் பதியவைப்பது சுலபம்.