பெட்டிக்குள் ஓடிய கதிர்



நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. நம் ஜொகூரில் ஏரியலைத் தெற்கே திருப்பிச் சிங்கப்பூர்ப் படமும் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் சில இன்னும் லயத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. போன வாரம் நம் பையன்கள் இருவர் திருப்புளியோடு ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார்கள். "செம்புக் கம்பி இருக்கு சார், வித்தா காசு" என்றார்கள்.

அந்தக் கம்பிதானப்பா படத்தையே வரைந்தது! குழாயின் கழுத்துக்குள் சூடேறிய உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, மின்னழுத்தம் ஏற்றிய உலோக உருளைகள் அவற்றை ஒரு புள்ளியாகக் குவிக்கும். கழுத்தைச் சுற்றிய செம்புச் சுருள் மின்காந்தமாகி, அக்கதிரை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் வளைக்கும். கதிர் பட்ட இடம் ஒளிரும். படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். பயிற்சிக் கல்லூரியில் இதை நான் மனப்பாடம்தான் செய்தேன், புரிந்தது பிறகுதான்.

உள்ளே காற்றே கிடையாது. சுருளைப் பிடுங்கினால் மெல்லிய கழுத்து முறியும். கண்ணாடி சிதறும், அதில் ஈயமும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாயில் மின்னேற்றம் தங்கக்கூடும். பெற்றோர்களே, பெட்டியை முழுசாகவே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

பையன்களின் திருப்புளி என் மேசையில் இருக்கிறது. காந்தப் பாடத்தன்று திருப்பித் தருவேன்.