நெல்மலையும் நம் மலையும்

திருச்சிற்றம்பலம்.

 

நாளை திருத்தேர். அதற்கு முந்திய இம்மாலைப் பொழுதில், தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றோடு தொடர்புடைய மூன்று நிகழ்ச்சிகளை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருக்கிறோம். இவற்றைப் புராணமாக மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போதல் நமக்குத் தகாது. ஏன் தகாது? சுந்தரர் அவதரித்த திருநாவலூர் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது. அவரை வளர்த்த நரசிங்கமுனையரையர் ஆண்ட திருமுனைப்பாடி நாடு நாம் அமர்ந்திருக்கும் இந்த மண்ணேயாகும். ஆகவே இது நம் வீட்டுக் கதை.

கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஐந்தாண்டு நிரம்புமுன்னரே அதன் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. எதனால் பேசப்பட்டது? சுந்தரர் பிறந்த மாவட்டம் என்பதனாலா? இல்லை. 2024 ஜூன் திங்களில், கருணாபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு விழுந்தது. தாலியிழந்த பெண்களும், தந்தையை இழந்த பிள்ளைகளும், தாய் தந்தை இருவரையுமே இழந்த பிள்ளைகளும் எஞ்சினர்.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை திங்கள்தோறும் 5,000 ரூபாயும், 5 லட்ச ரூபாய் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. வேண்டியதே, வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒன்று எண்ணிப் பாருங்கள். பணம் பசியை ஆற்றும். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையை, “இன்று என்ன பாடம் நடந்தது?” என்று கேட்கப் பணத்துக்கு வாய் இல்லை. அந்த வாய் ஊராருக்குத்தான் உண்டு.

இங்கே முதல் நிகழ்ச்சிக்கு வருவோம். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாகத் தோன்றிய நம்பியாரூரர், தெருவிலே சிறு தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த அரசர் நரசிங்கமுனையரையர் அக்குழந்தையைக் கண்டார், அன்பு மேலிட்டது. பெற்றோரிடம் சென்று, தாம் வளர்க்கத் தருமாறு நட்புரிமையோடு வேண்டிப் பெற்றார். அரச மாளிகையில் எல்லாச் செல்வமும் கொடுத்து வளர்த்தார். ஆனால் குழந்தையின் குலமரபை அவர் மாற்றவில்லை. உரிய காலத்தில் அதற்குரிய சடங்குகளும் கல்வியும் குறைவின்றி நடைபெற்றன. திருமண ஏற்பாட்டைச் செய்தவர் யார்? பெற்ற தந்தையாகிய சடையனாரே. வளர்த்தவரின் செல்வமும் பெற்றவரின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரு பிள்ளையைத் தாங்கின. பிறர் பிள்ளைக்கு உதவும் முறை இது. பிள்ளையை வேரோடு பிடுங்கி நம் வீட்டுத் தொட்டியில் நடுவது உதவியாகாது. நிற்கும் இடத்திலேயே நீர் வார்க்க வேண்டும்.

இந்த எண்ணத்தோடு மேற்கே திரும்பிக் கல்வராயன் மலையைப் பார்ப்போம். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் தமிழ்ப் பெயர் இது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று இம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நாடு 1947இல் விடுதலை பெற்றது. இம்மலையிலோ ஜாகீர்தார்களின் பிடி 1976ஆம் ஆண்டு வரை தளரவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாட்டில் வந்ததும் அதே 1976இல்தான். ஒரு தலைமுறை பிந்தி விடிந்த மலை அது. 2024இல் அத்துயரம் நிகழ்ந்த பின்னர், சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இம்மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. வேறு பிழைப்பு இல்லாத இடத்தில் கள்ளச்சாராய ஊறலும், செம்மரம் வெட்ட ஆள்பிடிக்கும் தரகரும் எளிதில் நுழைந்துவிடுவர். இளைஞனைக் குற்றம் சொல்லுமுன், அவன் முன்னே எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

“குடித்துக் கெட்டவன் குடும்பத்துக்கு நாம் ஏன் இரங்க வேண்டும்? ஊறல் போட்டவன் பிள்ளையை நாம் ஏன் படிக்க வைக்க வேண்டும்?” என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு மறுமொழியாக அமைவது இரண்டாவது நிகழ்ச்சி. நரசிங்கமுனையரையர் திருவாதிரை நாள்தோறும் அடியார்களுக்கு அமுதளித்து, ஒவ்வொருவருக்கும் நூறு பொன்னுக்குக் குறையாமல் கொடுத்து வந்தார். ஒரு நாள், உடலில் இழிந்த ஒழுக்கத்தின் குறிகள் வெளிப்பட, ஆனால் திருநீறு பூசிய ஒருவர் வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அருவருத்து ஒதுங்கினர். அரசர் ஒதுங்கினாரா? எதிர்கொண்டு வணங்கி, அவருக்கு இருநூறு பொன் கொடுத்து விடைகொடுத்தார். பிறர் இகழ்ந்தமையால் அவருக்குப் பாவம் சேருமே என்று அஞ்சிய உள்ளம் அது. பலர் முகம் சுளிக்கும் இடத்தில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்பதே நம் நாட்டு மன்னர் வகுத்த நெறி. விதவையான ஒரு தாயை, “அவன் எப்படிச் செத்தான்?” என்று கேட்டுப் புண்படுத்தும் நாக்கு, திருநீறு அணிந்த நெற்றியின் கீழ் இருக்கலாகாது.

இனி மூன்றாவது நிகழ்ச்சி. இது சோழ நாட்டிலே நடந்தது. குண்டையூர்க் கிழார் என்னும் அன்பர், திருவாரூரிலே சுந்தரர் திருமாளிகைக்கு நெல்லும் பருப்பும் அனுப்பி வந்தார். மழை பொய்த்தது, அனுப்ப நெல் இல்லை, அன்பர் உண்ணாது வருந்தினார். இறைவன் அருளால் குண்டையூரில் நெல் மலையாகக் குவிந்தது. குறை தீர்ந்ததா? தீரவில்லை! அவ்வளவு நெல்லை எடுத்துச் செல்ல ஆள் இல்லை. சுந்தரர் திருக்கோளிலி சென்று ஆள் வேண்டிப் பாடினார். அன்றிரவு பூதகணங்கள் நெல்லைச் சுமந்து திருவாரூர் வீதியெங்கும் நிரப்பின. பரவையார், அவரவர் வீட்டு எல்லையில் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று பறையறைவித்தார்.

கல்வராயன் மலையும் ஒரு நெல்மலையே. சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கே விளைகின்றன. மரவள்ளி விளைகிறது. கடுக்காயும் புளியும் தேனும் காடு தருகின்றன. காட்டின் சிறுபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கூறுகிறது. பொருள் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இல்லாதது எது? சுமந்து சென்று நேர்மையான விலைக்குச் சேர்க்கும் ஆள். அந்த இடைவெளியில் இடைத்தரகர் புகுந்து, முன்பணம் கொடுத்து, விலையைத் தாமே சொல்லி எடுத்துச் செல்கின்றனர்.

இங்கே பூதகணமாக நிற்க வல்லவை கூட்டுறவும் குழுவுமே. தமிழகத்தில் மலைவாழ் மக்களுக்கென்றே பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. 1991-92இல் நாம் அப்போது சேர்ந்திருந்த தென்னார்க்காட்டுக்கும் வந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சிறுகச் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, வங்கியின் முன் நிமிர்ந்து நின்றனர். இதில் கிடைக்கும் ஆதாயம் ஒருவர் பெட்டிக்குள் அடங்காது. பரவையார் பங்கிட்டது போல வீடுதோறும் சேரும்.

சமவெளியிலும் இதற்குச் சான்று உண்டு. நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தனித்தனியே உளிபிடித்த கைவினைஞர் பலர். அவர்கள் சங்கங்களாய்க் கூடியதும், அரசின் பூம்புகார் நிறுவனம் துணைநின்றதுமே அதனைப் பெற்றுத் தந்தன. இன்று ஓர் இளைஞன் தந்தையின் உளியை எடுக்கத் தயங்குகிறான் என்றால், அந்த உளி சோறு போடும் என்று அவனுக்குக் காட்டுவது நம் பொறுப்பு. தேர் செய்யவும் வாகனம் செய்யவும் கோயில்கள் இல்லாவிட்டால் அவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்?

“இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை அல்லவா? கோயில் பணத்தை இதற்குச் செலவிடலாமா?” என்று சிலர் எண்ணக்கூடும். நாம் புதிதாக ஒரு காசும் கேட்கவில்லை. அபிடேகத்துக்குத் தேன் வாங்குகிறோம். அன்னதானத்துக்குப் புளி வாங்குகிறோம். வாங்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். மலையிலுள்ள மகளிர் குழுவிடம், உரிய விலையில், ஆண்டு முழுவதும் வாங்குவோம் என்று உறுதி கூறுங்கள். அவர்களும் தூய்மையும் அளவும் தவறாது தர வேண்டும். கூட்டு என்பது இருபுறக் கடமை. ஒரு நாள் கொடுக்கும் வேட்டி சேலை அடுத்த ஆண்டு கிழிந்துவிடும். தவறாமல் வாங்கும் ஒரு கடைக்காரர் குடும்பத்தையே நிறுத்திவிடுவார். உபயதாரர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் படிப்பைக் கேட்டறியும் பொறுப்பையும் ஏற்கலாம். மாதம் ஒருமுறை அவ்வீட்டுக்குச் சென்று வந்தால் போதும்.

இன்னும் ஒன்று. நம் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பாரின் மண்டகப்படி. எல்லாரும் பங்கு கொண்டால்தான் விழா நிறைவு பெறும் என்று முன்னோர் வகுத்த ஏற்பாடு இது. வரும் ஆண்டு ஒரு நாள் மண்டகப்படி கல்வராயன் மலை மக்களுடையதாக அமையட்டும். அவர்கள் கொண்டுவரும் தினைமாவும் தேனும் அன்றைய நிவேதனமாகட்டும். கையேந்தி நிற்பவராக அல்லாமல், பரிவட்டம் பெறும் உபயதாரராக அவர்கள் நம் சந்நிதியில் நிற்கட்டும்.

இறைவன் சுந்தரரை அடிமை என்று ஓலை காட்டி வழக்காடி வென்றான். வென்ற பின்னர் தோழனாக்கிக் கொண்டான். ஆண்டவனே தோழமை கொள்ள இறங்கி வந்தான் என்றால், நமக்கு மலையேறுவதில் என்ன குறை? நாளைக் காலையில் தேர்வடம் பிடிக்கும்போது, உங்கள் பக்கத்தில் யார் கை இன்னும் வரவில்லை என்று பாருங்கள். அவர்களை அழைத்து வரும் மனத்தை எல்லாம் வல்ல பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.