பார்த்த வேலையைக் கணக்கில் வையுங்கள்



பதவி உயர்வுக்குப் பணி அனுபவம் வேண்டும் என்ற விதியை ஒழிக்கச் சொல்லி நான் பேச வரவில்லை. அனுபவம் கட்டாயம் வேண்டும். கோப்பில் குறிப்பெழுதத் தெரியாதவரைக் கண்காணிப்பாளர் இருக்கையில் உட்கார வைத்தால், அல்லல்படுவது மனு கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் மக்கள்தான். மூப்பு மட்டும் போதும், தகுதிக் காலம் எதற்கு என்று நம்மவர்களிலும் சிலர் கேட்கிறார்கள். அது நிற்காது. மூப்பு என்பது தகுதிக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. நானும் அதை ஏற்கிறேன்.

என் கேள்வி வேறு. அந்த அனுபவத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள்? எண்ண வேண்டியவர் எண்ணாமல் விட்டால், அந்த நட்டத்தை ஊழியர் ஏன் சுமக்க வேண்டும்?

தேர்வாணையத் தேர்வு எழுதி வென்று, இளநிலை உதவியாளராகச் சேர்கிறார் ஒரு பெண். மூன்றாண்டுத் தொடர் காலத்துக்குள் இரண்டாண்டு பணி செய்தால் தகுதிகாண் பருவம் முடியும் என்கிறது விதி. துறைத் தேர்வில் தேற வேண்டும். இரவில் கண்விழித்துப் படித்துத் தேறிவிடுகிறார். அடுத்து பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி. அது அவர் கையில் இல்லை. எந்த அணியில் யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது அலுவலகம். தேர்தல் வேலை இருக்கிறது, தணிக்கை வருகிறது, பிரிவில் ஆள் இல்லை, இப்போது விடுவிக்க முடியாது என்று சொல்வதும் அதே அலுவலகம். பயிற்சி முடியாததால் தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணை இல்லை. ஆணை இல்லாததால் தேர்ந்தோர் பட்டியலில் பெயர் இல்லை. அமைச்சுப் பணிக்கு மார்ச் 15 தகுதி நாள். அந்த நாளில் அவர் பெயருக்கு நேரே ஒரே வரி எழுதுகிறார்கள்: ‘தகுதி பெறவில்லை.’

அவர் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். சேர்ந்த நாள் இருக்கிறது, ஊதிய உயர்வு இருக்கிறது, விடுப்புக் கணக்கு இருக்கிறது. பணிவரன்முறைக்கும் தகுதிகாண் பருவத்துக்கும் உரிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய எழுத்தர் யார், ஒப்பமிட வேண்டிய அதிகாரி யார் என்று யாராவது கேட்டதுண்டா? பின்னொரு நாள் முன்தேதியிட்டு ஆணை வரும். அதற்குள் பட்டியல் போய்விட்டிருக்கும். இளையவர் மேலே போய்விட்டிருப்பார். இவர் மேல்முறையீட்டு மனுவோடு அலைவார்.

தாய்மை அடைந்த பெண்ணுக்கு நடந்ததை இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு ஆனது, வரவேற்றோம். ஆனால் அந்த ஓராண்டைத் தகுதிகாண் பருவத்தில் சேர்க்கவில்லை. பிள்ளை பெற்றதற்காக மூப்பிலும் பதவி உயர்விலும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் நம் சகோதரிகள். இனி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இந்த இயக்கம் ஓயாமல் கேட்ட கோரிக்கை அது. அறிவிப்பு வந்ததோடு நாம் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சகோதரியின் பதிவேட்டிலும் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொரு கொடுமை ‘பொறுப்பு’. மேற்பதவி காலி. நிரப்ப மாட்டார்கள். கீழே இருப்பவரைக் கூப்பிட்டுக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். கோப்பில் கையெழுத்துப் போட அவர் வேண்டும். தணிக்கைத் தடைக்குப் பதில் சொல்ல அவர் வேண்டும். தவறு நடந்தால் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கவும் அவர் வேண்டும். அந்தப் பதவிக்கான அனுபவத்தை எண்ணும்போது மட்டும், அது முறையான நியமனம் அல்ல என்று விலக்கிவிடுவார்கள். 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கில் ஒரு கோடு கிழித்தது. விதிப்படி அல்லாத, தற்காலிக இடநிரப்பல் மட்டுமே என்றால் அந்தக் காலம் மூப்பில் சேராது. ஆனால் முழு நடைமுறை பின்பற்றப்படாவிட்டாலும், விதிப்படி வரன்முறை செய்யப்படும்வரை ஒருவர் இடைவிடாமல் அந்தப் பதவியில் தொடர்ந்தால் அந்தக் காலம் சேரும். நம் அலுவலகங்கள் இதில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. இரண்டாம் பாதியை எடுத்துக்காட்ட நாம் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

இந்த விழுப்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே பொதுப்பணித் துறையில், உதவிப் பொறியாளர் பதவி உயர்வுக்கு, பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டுப் பணி, டிப்ளமோ படித்தவருக்கு ஆறாண்டுப் பணி என்று விதி. டிப்ளமோவோடு சேர்ந்தவர் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்குகிறார். அவருடைய மூன்றாண்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதா, பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-ல் தீர்ப்பு வந்தது: துறையில் நெடுங்காலமாக இருந்த வழக்கப்படி, பட்டத்துக்குப் பின்னால் வந்த ஆண்டுகள் மட்டுமே செல்லும். அதே உச்ச நீதிமன்றம் பின்னர், மத்தியப் பிரதேச வழக்கில், பட்டத்துக்கு முந்தைய பணியையும் சேர்த்து எண்ணச் சொன்னது. நாட்டின் இரு மூலைகளில் ஒரே மாதிரி உழைத்த இருவருக்கு இரு விதமான கணக்கு.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறது, துறை இதுவரை எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்துத்தான் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குற்றம் விதி எழுதியவர்களுடையது. ‘பட்டம் பெற்ற பின்’ என்றோ ‘மொத்தப் பணிக் காலம்’ என்றோ இரண்டு சொல் சேர்த்து எழுதியிருந்தால் டெல்லி வரை போக வேண்டிய அவசியமே வந்திருக்காது. பகலில் சாலையோரம் வெயிலில் நின்று அளவெடுத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு ஓடுகிற ஒரு பொறியாளர், தன் அனுபவம் எப்படி எண்ணப்படும் என்று தெரிந்துகொண்டல்லவா படிப்பில் சேர வேண்டும்? பட்டம் வாங்குவதற்கு முதல் நாள் வரை அவர் போட்ட சாலையில்தானே நாம் பேருந்தில் போனோம்!

பதவி உயர்வுப் பட்டியலில் தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வு என்பது ஆணை பிறந்த நாளிலிருந்துதான், காலியிடம் விழுந்த நாளிலிருந்து அல்ல என்று 1989-ல் தீர்ப்பு வந்துவிட்டது. பழைய காலியிடங்களைப் பழைய விதிப்படியே நிரப்ப வேண்டும் என்று 1983 முதல் நமக்கு இருந்த பிடிமானமும் 2022-ல் இமாச்சலப் பிரதேச வழக்கில் போய்விட்டது. ஆகவே, பட்டியலைத் தள்ளிப்போட்டு, இடையில் ஐந்தாண்டு அனுபவத்தை ஏழாண்டு என்று மாற்றினால், நேற்றுவரை தகுதியோடு இருந்தவர் இன்று தகுதியற்றவர் ஆகலாம். வேலையைச் செய்யாதது நிர்வாகம். தகுதி இழந்தது ஊழியர். ஓய்வு வயது 58-லிருந்து 59, பிறகு 60 என்று உயர்ந்தபின் மேலே இடம் காலியாவதும் தள்ளிப்போனது. இந்த நெருக்கடியில் ஒரு பட்டியல் தவறினால், அடுத்த வாய்ப்புக்குள் பலருக்கு ஓய்வு நாளே வந்துவிடும். மாநில நிர்வாகத் தீர்ப்பாயமும் இப்போது இல்லை; உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்குள் காலம் போய்விடுகிறது.

மத்திய அரசில் ஒரு நல்ல வழி இருக்கிறது. இளையவர் தகுதிக் காலம் முடித்துப் பரிசீலனைக்கு வந்தால், தகுதிகாண் பருவம் முடித்த மூத்தவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவருக்குக் குறையும் காலம், தேவையான காலத்தில் பாதி அல்லது இரண்டாண்டு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகாதிருந்தால் போதும். இந்தப் பாதுகாப்பு நம் மாநிலத்தின் ஒவ்வொரு பணி விதியிலும் எழுத்தில் வர வேண்டும். பயிற்சிக்கு அனுப்பாததும் ஆணை போடாததும் அலுவலகத்தின் தவறு என்றால், அந்த நாட்களை ஊழியரின் அனுபவமாகவே எண்ண வேண்டும். தாமதித்த அதிகாரியின் பெயர் கோப்பில் ஏற வேண்டும்.

தோழர்களே, நாளைக் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கணினிப் பதிவான களஞ்சியத்தில் ஏற்றியிருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பணிவரன்முறை, தகுதிகாண் பருவம், துறைத் தேர்வு, பொறுப்பு பார்த்த காலம், மகப்பேறு விடுப்பு, எது விடுபட்டிருந்தாலும் அன்றே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அடுத்த மார்ச் 15-க்காகக் காத்திருக்காதீர்கள். பதிவேட்டைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டச் சங்கத்துக்கு வாருங்கள், உங்களோடு நாங்கள் வருகிறோம்.