வெளிமாநிலத்தில் நம் உணவும் நடையும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் வேட்டியை விட்டாலும் விடுவர்; குழம்பையும் ரசத்தையும் எளிதில் விடுவதில்லை. தில்லியில் கரோல்பாக்கிலும், மும்பையில் மாதுங்காவிலும் நம் இல்லங்களில் காலையில் காப்பி மணமும் நண்பகலில் சாம்பார் மணமும் எழுவதை யாவரும் அறிவர். அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஊரை விட்டுப் புறப்பட்டபோது உணவு நம்மோடு வந்தது. அவ்வுணவுக்கு ஈடு கொடுத்த உழைப்பும் உடன் வந்ததா என்பதையே இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

நம் பாட்டனார் சோற்றைக் குவித்து உண்டவர்தாம். ஆனால் அவர் ஏற்றம் இறைத்துவிட்டோ, வரப்பில் நெடுந்தொலைவு நடந்துவிட்டோ இலைமுன் அமர்ந்தவர். பாட்டியார் உரலும் அம்மியும் ஓயாதவர். நாமோ நாற்காலியில் அமர்ந்து கோப்புகளை மொழிபெயர்க்கிறோம். மின்தூக்கியில் ஏறி, மெட்ரோவில் அமர்ந்து வீடு சேர்கிறோம். ‘தேகப் பயிற்சி’ என்பதா, ‘உடற்பயிற்சி’ என்பதா என்று அரைமணி நேரம் விவாதிப்போம். அந்த அரைமணியில் எழுந்து நடந்திருக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை!

சோறோ ரொட்டியோ, அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரைக்குப் பெரிய களஞ்சியம் நம் தசைகளே. உழைப்பினால் களஞ்சியம் காலியானால் புதிய சர்க்கரைக்கு இடம் உண்டு. இயங்கும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருப்பவரின் களஞ்சியமோ நிறைந்தபடியே இருக்கிறது. மேலும் வருவது இரத்தத்தில் தேங்குகிறது. எஞ்சியது கொழுப்பாகி வயிற்றைச் சூழ்கிறது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நண்பர்கள் நம்முள் பலர். அவர்கள் தம்மை ஒல்லியானவர் என்றே எண்ணிக்கொண்டிருப்பர்.

உணவின் தன்மையைப் பற்றி நீலகிரிக் குன்னூரில் நடந்த ஆராய்ச்சியொன்று நமக்கு நெருங்கியது. இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் அங்கு ஓர் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியன கொண்ட சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் காய்கறியும் அருகிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன.

இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. குறை அரிசி என்னும் தானியத்தில் இல்லை. தவிட்டைப் போக்கித் தீட்டியதும், சோற்றைச் சூழ்ந்து நிற்க வேண்டியவை குறைந்ததுமே குறை. வருந்த வேண்டியது வேறொன்று. முதலிடம் பெற்ற உணவு வழங்கும் நாட்டிலேயே வந்து குடியேறிய நாம், அங்கிருந்து எதைக் கற்றுக்கொண்டோம்? சமோசாவையும் சோலே பட்டூராவையும், வெண்ணெய் மிதக்கும் உருளைக்கிழங்குப் பராட்டாவையும்! குளிர்காலத்தில் சந்தையில் மலிந்து கிடக்கும் கடுகுக்கீரையும் முள்ளங்கியும் நம் பையில் ஏறுவதில்லை. கம்பு ரொட்டியைக் கண்டு முகம் சுளிக்கிறோம். கம்பங்கூழ் உண்டு வளர்ந்த ஊரார் நாமே என்பது மறந்துபோயிற்று. சோற்றுக்கு மாற்றாக ரொட்டி வந்திருந்தால் நன்று. சோற்றோடு கூடுதலாக அல்லவா வந்திருக்கிறது!

உழைப்பின் பங்கை இலண்டன் நகரப் பேருந்துகள் காட்டின. ஜெரி மாரிஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவரைவிட, இரண்டடுக்கு வண்டியில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநரிடையே இதயநோய் குறைவு. ஓட்டுநரின் சீருடை இடுப்பளவு முன்பே பெரிதாயிருந்தது என்பதையும் அவர்களே பின்னர் கண்டனர். ஆகவே படியேறுதல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட இயலாது. எனினும் பிற்கால ஆய்வுகள் பலவும் உழைக்கும் உடலின் பக்கமே சாட்சி சொல்கின்றன.

நம் நாட்டில் நீரிழிவுடன் வாழ்வோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அதன் வாயிலில் நிற்போர் மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர். வாயிலில் நிற்போரைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று சென்னை மருத்துவர் குழுவொன்று 531 பேரிடம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. நாள்தோறும் நடை, குறைந்த மாவும் கொழுப்பும், சர்க்கரை தவிர்த்தல் ஆகிய அறிவுரைகளைப் பெற்றவரிடையே நீரிழிவு தோன்றும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரையும் ஏறக்குறைய அதே பயனை அளித்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை.

சொந்த ஊரில் நோயுற்றால் தாங்குவதற்கு அண்ணன் தம்பி உண்டு. இங்கோ இரவில் மார்வலி கண்டால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, இந்தியில் தட்டுத்தடுமாறி விளக்கம் சொல்ல வேண்டியவர் நம் மனைவியரே. ஆகையால் ஆடவர் தம் இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டரையும், மகளிர் 80 செண்டிமீட்டரையும் கடக்கிறதா என்று அளந்து பார்ப்பது நலம். கடந்தால் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அவ்விடத்தைக் காயும் பருப்பும் நிரப்பட்டும். ஊரிலிருந்து பார்சலில் வரும் வடாம், ஊறுகாய், அப்பளம் மூன்றிலும் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு 5 கிராம் என்பதே மொத்த வரம்பு. நடையோ வாரத்துக்கு 150 நிமிடமேனும் வேண்டும். உணவுக்குப் பின் பத்து நிமிட உலாவலும் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். இதயநோய் உள்ளவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

தில்லி அன்பர்க்கு ஒரு சொல். நவம்பர் முதல் சனவரி வரை விடியற்காலைக் காற்றில் புகையும் நச்சும் தரையோடு படிந்து கிடக்கும். அந்நாட்களில் இருள் பிரியுமுன் மப்ளர் சுற்றிக்கொண்டு பூங்காவுக்கு விரைவது வேண்டா. காற்று ஓரளவு தெளியும் பிற்பகல் வெயிலில், அலுவலக உணவு இடைவேளையில் நடக்கலாம். காற்று மிகவும் கெட்ட நாளாயின், குடியிருப்பின் மாடிப்படிகள் இருக்கவே இருக்கின்றன.